நூற்று நாற்பதுக்குக் கீழே

“என்னண்ணே, காலையிலேயே யாரைக் கடிச்சிட்டு வர்றீங்க?” என்றார் வாசல் காவலாளி.

கிரேன்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பல், நாக்கு, உதடு எல்லாம் செக்கச்செவேல். பீட்ரூட் சாறு செய்த வேலை.

பாவம், மனிதர் ஆசைப்பட்டா குடித்தார்? இருபத்திரண்டு வருஷம் அந்த உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து மாடி மாடியாய்க் கட்டடம் ஏற்றியவர். ரத்த அழுத்தம் நூற்றைம்பது என்றதும் கீழே இறக்கிவிட்டார்கள்.

“மாத்திரைக்கு முன்னாடி சாப்பாட்டை மாத்திப் பாருங்க. ரெண்டு மாசத்துல நூத்தி நாப்பதுக்குக் கீழே வந்தா ஏறலாம். இல்லேன்னா கூண்டு வேற ஆளுக்கு” என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

அன்றிலிருந்து தரையில் நின்று கொடி காட்டுகிற வேலை. தான் ஓட்டிய கிரேனின் நிழல் தன் தலைமேலேயே ஊர்ந்து போனால் யாருக்குத்தான் தொண்டையில் சாப்பாடு இறங்கும்?

பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் என்று ஒன்று இருக்கிறது, சிலருக்கு அது ரத்தக்குழாயைத் தளர்த்திக் கொடுக்கும் என்று வேலையிடத்து மருந்தக நர்ஸ் சொன்னாள். குடித்தார். ஒரே மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று.

“இன்னும் நாலே நாலு புள்ளிடீ!” என்று வீட்டில் வந்து குதித்தார்.

மனைவி கையில் பிடித்த கரண்டியோடு நின்றாள். போன வருஷக் காற்றில் பக்கத்துக் கிரேன் சாய்ந்ததிலிருந்து அவள் தெருப்பக்கத்து ஜன்னலையே திறப்பதில்லை. “நல்லதுதான்” என்றாள், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் காவலாளியின் கேலி. வீட்டில் சொல்லிப் புலம்பினார்.

“ஊர் சிரிக்க விடுவேனா?” என்று நீலத் தண்ணீர்ப் புட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். “மூணு வேளையும் கொப்பளிங்க. கிருமி ஒண்ணு மிஞ்சாது.”

மூடியில் அளந்து ஊற்றி, குளியலறை வாசலிலேயே காவல் நின்றாள். “தொண்டை வரைக்கும் விடுங்க. துப்பாதீங்க, இன்னும் அரை நிமிஷம்.”

கட்டியவளுக்கு இத்தனை கரிசனமா என்று மனிதருக்குக் கண் கலங்கியது.

பல் வெளுத்தது. அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டு. பதறிப்போய்ச் சாற்றை இரட்டிப்பாக்கினார். நூற்றைம்பது. மூன்று வேளையும் கீரையைச் சேர்த்தார். ஆடு பார்த்தால் பங்காளி என்று நினைத்திருக்கும். நூற்றைம்பத்திரண்டு.

ஒருநாள் வேலையிடத்துக் கழிவறையில் சிறுநீர் சிவப்பாய்ப் போனது. ஆயுள் முடிந்தது என்று சுவரைப் பிடித்து உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினார்கள். நூற்றெழுபது.

“அது பீட்ரூட் சாயம்ங்க” என்றாள் நர்ஸ். தூக்கி வந்தவர்கள் அவரைப் பொத்தென்று இறக்கிவிட்டுப் போனார்கள்.

கெடு நாளும் வந்தது. வானம் மூடிக் கிடந்தது. அழுத்தம் பார்க்கும் கைப்பட்டை இறுகித் தளர்ந்தது. நூற்றைம்பத்து நான்கு.

மருத்துவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருஷம். கிரேன்காரர் சட்டைக் கையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“நல்லாத்தானே இறங்கிட்டு வந்துச்சு” என்றாள் நர்ஸ். “வாய்க்கு மருந்துத் தண்ணி ஏதாவது விட்டுக் கொப்பளிக்கிறீங்களா?”

“மூணு வேளையும். வீட்ல வாங்கிக் கொடுத்தா.”

“போச்சு. நாக்குல இருக்கிற கிருமிதான் அந்த நைட்ரேட்டை மாத்திக் கொடுக்கணும். அதைக் கொன்னுட்டா சாறு குடிச்சு என்ன பிரயோஜனம்?”

கிரேன்காரர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. தன்னால வந்த வினைன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.”

நர்ஸ் கைப்பட்டையைச் சுருட்டி வைத்தாள்.

“போன மாசமே சொல்லிட்டேங்க. உங்களுக்கு நூத்தி நாப்பத்து மூணு வந்த மறுநாள் தேடிக்கிட்டு வந்து, ‘அப்ப நல்லாக் கொப்பளிச்சா இறங்காதுல்ல?’ன்னு ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டுப் போனாங்களே.”