மூன்றாவது உதவி

அன்று ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் டொரொன்டோ என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்கவே கூடாது.

என் பெயர் பேரின்பநாதன். பெயரில்தான் இன்பம். மொன்றியலில், அஹுன்ட்சிக் பக்கம், ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நானும் மனைவி தாட்சாயினியும் பதினோரு வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. ஜன்னல் ஒன்று உண்டு. அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். நவம்பர் வந்தால் கால்களும் குறைந்துவிடும்.

ஊரில் நான் சமூகக்கல்வி ஆசிரியர். இங்கே டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறேன். இந்த வேலைக்குப் பிரெஞ்சில் வைத்திருக்கும் பெயருக்கு, தண்ணீரில் மூழ்கி எழும்புகிறவன் என்றும் ஒரு பொருள் உண்டாம். தாட்சாயினி தன் பிரெஞ்சு வகுப்பில் கேட்டு வந்து சொன்னாள். மூழ்கியது உண்மை. எழும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வகுப்புக்கு நான் போகவில்லை. படிப்பித்தவன் போய் மாணவர் வாங்கில் குந்துவதா?

ஆனாலும் மொன்றியலில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. இங்கே தமிழர் குறைவு. அதிலும் புர்க்கினா பாசோவின் தலைநகர் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். கோயிலில், கடையில், பஸ் தரிப்பில், எல்லோரும் "மாஸ்டர்" என்பார்கள். டொரொன்டோவில் தாட்சாயினிக்கு மூன்று அண்ணன்மார். மூவருக்கும் சொந்த வீடு. அங்கே போனால் நான் மாஸ்டர் இல்லை. 'தாட்சாயினியின்ரை மனுசன்.' அவ்வளவுதான். அந்தப் பயத்தில்தான் பதினோரு வருடமாக டொரொன்டோவில் காற்றுச் சரியில்லை என்று சொல்லி வந்தேன். இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அவளோ விடுவதாக இல்லை.

"இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் ஆரோடை கதைக்கிறது?"

"என்னோடை கதையுமன்."

"நீங்கள் எங்கை கதைக்கிறியள்? பாடமெல்லோ எடுக்கிறியள்."

"நல்ல விஷயம்தானே சொல்லுறன்."

"நேற்று நான் தலையிடிக்குது எண்டன். நீங்கள் மண்டையோட்டிலை இருபத்திரண்டு எலும்பு எண்டு சொன்னியள்."

இருபத்திரண்டுதான். அதில் பிழை இல்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. செப்டம்பரில் இணையத்தில் ஒரு போட்டி வந்தது. பெயர் 'அறிவுச் சமர்'. பல சுற்று. இறுதிச் சுற்றில் பதினைந்து கேள்வி. ஒன்று பிழைத்தாலும் வெறுங்கை. எல்லாம் சரியென்றால் ஒரு புத்தம் புதிய கார். தடுமாறுகிறவனுக்கு மூன்று உதவி: நான்கு விடையில் இரண்டை அழிக்கலாம், பார்த்துக்கொண்டிருப்பவர்களின் வாக்கைக் கேட்கலாம், ஒரு நண்பருக்குத் தொலைபேசி எடுக்கலாம்.

"தாட்சாயினி, இதிலை நான் வெண்டால் நீர் டொரொன்டோ எண்டு வாய் திறக்கக் கூடாது."

"தோத்தால்?"

"தோத்தால் அடுத்த கிழமையே பெட்டி கட்டுவம்."

"சத்தியமோ?"

"மாஸ்டர் வாக்கு."

"சரி," என்றாள்.

அவ்வளவு கெதியாக அவள் ஒன்றுக்கும் சம்மதிக்கிற ஆள் இல்லை. எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். நானோ பெண்புத்தி பின்புத்தி என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன்.

நான் ஒற்றை விரலால் தட்டுகிறவன். ஆகவே விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள்.

"விதிமுறை ஆறு பக்கம் கிடக்கு. வாசிக்கட்டே?"

"அதெல்லாம் கிளாக்கர்மார் வாசிக்கிறது. எனக்குக் கேள்வி வந்தால் காணும்."

"தொலைபேசி உதவிக்கு ஆற்றை நம்பர் போட?"

"நகுலேஸ்வரன்ரை."

நகுலேஸ்வரன் என்னோடு கோப்பை கழுவுகிறவர். ஊரில் தபாலதிபர். உலகத்து நாடு எல்லாம் முத்திரையிலேயே பார்த்தவர்.

"ம்," என்றாள்.

'ம்' என்றால் 'ஓம்' அல்ல. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இதையாவது நான் படித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம். சுற்றுக்கு மேல் சுற்று. ஒவ்வொன்றாக வென்றேன். ஹோட்டலில் கோப்பை கழுவும்போது ஆறுகளின் நீளத்தை முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்றவன் செபம் சொல்லுகிறேன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

இறுதிச் சுற்று, நவம்பரில் ஒரு ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. வெளியே மழையும் பனியும் கலந்த ஏதோ ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு கால்கூட இல்லை. நான் திருநீறு பூசிக் கணினிக்கு முன்னால் இருந்தேன். இரண்டு முழத்துக்கு அப்பால் குசினியில் தாட்சாயினி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

பத்துக் கேள்வி பறந்தது. பதினோராவது சமையல் கேள்வி. கசகசா எந்தச் செடியின் விதை? எனக்குத் தெரியாது. குசினியில் நிற்பவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் கேட்பது போட்டி விதிக்கு மாறோ இல்லையோ, என் விதிக்கு மாறு. முன்பின் தெரியாத நானூறு பேரின் வாக்கைக் கேட்டேன். அபினிச் செடி என்றார்கள். சரி.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. எல்லாம் சரி. பதினைந்தாவது வந்தது.

ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரண்டும் அரச மொழிகளாக உள்ள ஒரே கனடிய மாகாணம் எது? ஒன்ராறியோ, கியூபெக், மனிட்டோபா, நியூ பிரன்ஸ்விக்.

இரண்டை அழிக்கச் சொன்னேன். கியூபெக்கும் நியூ பிரன்ஸ்விக்கும் மிஞ்சின.

நாங்கள் இருக்கிற கியூபெக் என்றே மனம் சொன்னது. பதினோரு வருடமாக இங்கே இரண்டு மொழியிலும் ஏச்சு வாங்குகிறவன் நான். ஆனால் கடைசிக் கேள்வி இவ்வளவு சுகமாக இருக்குமா? மூன்றாவது உதவியை அமத்தினேன். நகுலேஸ்வரனின் குரலுக்காகக் காத்திருந்தேன்.

குசினியில் மணி அடித்தது.

தாட்சாயினி கையைத் துடைத்துவிட்டுத் தன் செல்போனை எடுத்தாள்.

"ஹலோ," என்றாள் குசினியில். "ஹலோ," என்றது கணினி.

"நீரோ?"

"நான்தான். நாப்பது செக்கன்தானாம் தருவினம். நியூ பிரன்ஸ்விக்."

"நகுலேஸ்வரன் எங்கை?"

"அவர் வேலையிலை நிப்பார். நியூ பிரன்ஸ்விக் எண்டு அமத்துங்கோ."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"வகுப்பிலை மடாம் படிப்பிச்சவ. இஞ்சை பிரெஞ்சு மட்டும்தான் அரச மொழி. வேலை தேடேக்கை உங்களுக்கு இது விளங்கேல்லையே?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் குசினியிலிருந்து ஒருதரம், கணினியிலிருந்து ஒருதரம் கேட்டது. பதினாறு வருடத்தில் அவள் பேச்சு எனக்கு இரண்டு தரம் கேட்டது அன்றுதான். நேரம் முடிந்தது.

நான் அறிவாளி அல்லவா, யோசித்தேன். நான் தோற்றால் யாருக்கு லாபம்? அவளுக்கு. நகுலேஸ்வரனின் நம்பரை மாற்றியது யார்? அவள். அப்படியானவள் எனக்குச் சரியான விடையைச் சொல்வாளா? ஆகவே அவள் சொன்னது பிழை. ஆகவே மற்றது சரி.

கியூபெக்கை அமத்தினேன்.

திரை சிவந்தது. சரியான விடை நியூ பிரன்ஸ்விக் என்று வந்தது. கீழே, பங்குபற்றியமைக்கு நன்றி என்று போட்டிருந்தார்கள். கெடுகுடி சொற்கேளாது என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்.

தாட்சாயினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தாள்.

"என்னை விழுத்தத்தானே உம்மடை நம்பரைப் போட்டனீர்? பேந்து ஏன் உண்மையைச் சொன்னனீர்?"

"பொய் சொல்லி விழுத்தினால் பாவம். உண்மையைச் சொன்னாலும் நீங்கள் நம்பமாட்டியள் எண்டு தெரியும்."

"நம்பியிருந்தால்? நான் வெண்டிருப்பன். உமக்கு டொரொன்டோ இல்லை."

அவள் மேசை லாச்சியைத் திறந்து ஆறு பக்கத்தை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு இழுத்திருந்தது. 'கியூபெக் மாகாணத்தில் வசிப்போர் இப்போட்டியில் பங்குபற்ற முடியாது.'

"அப்ப நான் எப்பிடிப் பங்குபற்றினனான்?"

"பெரியண்ணையின்ரை டொரொன்டோ விலாசம் போட்டனான். கார் குடுக்கேக்கை ஒன்ராறியோ லைசன்ஸ் காட்டோணுமாம். அங்கை குடியிருந்தால்தான் லைசன்ஸ் தருவினம்."

தோற்றால் டொரொன்டோ. வென்றாலும் டொரொன்டோ. இரண்டு மாதமாக நான் ஆறுகளின் நீளத்தைப் பாடமாக்கியது எதற்கு என்று யோசித்தேன்.

"ஆனால்," என்றாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்காவாவது நான் சொல்லுறதைக் கேப்பியள் எண்டு எனக்கு ஒரு சின்ன ஆசை கிடந்தது. கேட்டிருந்தால் ஒரு காரோடை அங்கை இருந்திருக்கலாம்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்த நாற்பது செக்கனுக்குப் பிறகும் அவள் குசினியில் நின்று, நான் எதை அமத்துகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது நெஞ்சுக்குள் நின்று குத்தியது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"இந்தக் குளிருக்கை எப்பிடிப் போறது? பஸ்ஸும் நிரம்பியிருக்கும். பங்குனி கழியட்டுமன்."

கைப்பையிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒருவழி டிக்கெட். வாங்கிய திகதி போன வெள்ளிக்கிழமை.

"வெண்டாலும் போகத்தானே வேணும்," என்றாள். "அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ, சனிக்கிழமை வாறம் எண்டு. நீங்கள் சொன்னால்தான் மரியாதை."

மரியாதை என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு நம்பரை அமத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். அண்ணன் வீட்டில் யாரோ உறவுக்காரி.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"மாஸ்டர் கதைக்கிறன்."

"எந்த மாஸ்டர்?"

"மொன்றியல் பேரின்பநாதன் மாஸ்டர்."

"அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே. ஆர் எண்டு வடிவாச் சொல்லுங்கோ."

தாட்சாயினி தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"தாட்சாயினியின்ரை மனுசன்," என்றேன்.