இறகானந்தரும் இரண்டாம் தராசும்

மலை உச்சியில் எள் விழ இடமில்லை. அந்த ஊரில் முதன்முதலாகச் சர்வதேசப் பாராகிளைடிங் பந்தயம். பெரிய துணிச் சிறகை விரித்து, அதன் கீழே தொங்கும் இருக்கையில் உட்கார்ந்து, மலையிலிருந்து காற்றோடு மிதந்துபோய், குறித்த இடத்தில் யார் முதலில் இறங்குவது என்ற போட்டி. பல நாட்டு வீரர்கள் வந்திருந்தார்கள். கூட்டம் அவர்களைப் பார்க்கத்தான் வந்தது என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப அப்பாவி. கூட்டம் முண்டியடித்தது மஞ்சள் கூடாரத்தின் முன்னால். உள்ளே வீற்றிருந்தவர் தவத்திரு இறகானந்தர்.

இவருடைய தொழில் எடை குறைப்பது. பட்டினி வேண்டாம், ஓட்டம் வேண்டாம், வியர்வை வேண்டாம். ஒரு மந்திரம், ஒரே நிமிடம்; ஐந்தாறு கிலோ காணாமல் போகும். அதுவும் எல்லார் கண்ணெதிரில், முள் ஆடும் தராசில்! "தராசு பொய் சொல்லுமா?" என்று சீடர்கள் ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டே இருந்தார்கள்.

சுவாமிகளின் திருமேனியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர் உட்காருவதற்கு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் எடை குறைப்பவர் தமக்கு ஏன் குறைத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் கேட்டாராம். "பக்தர்களிடமிருந்து எடுத்த எடையெல்லாம் வேறு எங்கே போகும் மகனே?" என்றாராம் சுவாமி. கேட்டவர் விம்மி விம்மி அழுதாராம்.

இத்தனைக்கும் பக்கத்திலேயே வெளிநாட்டு வீரர்கள் இருக்கைக்கு அடியில் தண்ணீர்ப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கனம் கூடினால் வேகமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் தண்ணீர் ஊற்றி எடை ஏற்ற, நம்மவர்கள் காணிக்கை கொடுத்து எடை இறக்கினார்கள். உலக ஞானத்தில் நாம் எப்போதும் ஒரு படி மேலேதான்!

காணிக்கை பணம் மட்டுமல்ல. ஒவ்வொரு வீரரும் மடியில் ஓர் அவசரப் பாராசூட் வைத்திருப்பார். மேலே சிறகு மடங்கிவிட்டால் அதை வீசி உயிரோடு இறங்கலாம். சுவாமிகள் அதற்குச் சூட்டிய பெயர் 'சந்தேக மூட்டை'. அதைச் சுமந்தால் குறைந்த எடை திரும்ப ஏறிவிடுமாம். அதனால் சீடர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்ததெல்லாம் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வேனில் ஏறியது. நல்ல விலை போகும் சரக்கு. பதிலுக்கு ஆளுக்கொரு மந்திரித்த தலையணை. பரிசோதகர் பையைத் தட்டிப் பார்த்தால் புடைப்பாக இருக்க வேண்டுமே!

நம் ஊர் வீரர் பௌதிக வாத்தியார். அவருடைய மனைவி பல் டாக்டர். காலையில் கணவரின் பையைச் சரிபார்த்த அம்மாளின் கையில் தலையணை சிக்கியது.

"என்னங்க இது?"

"தலையணை."

"அது தெரியுது. பாராசூட் எங்கே?"

"சாமிகிட்ட குடுத்துட்டேன். ஆறு கிலோ குறைஞ்சிருக்கேன், தெரியுமா?"

"மேல போய்ச் சிறகு மடங்கினா? தலைக்கு வச்சுத் தூங்கிக்கிட்டே விழுவீங்களா?"

"சும்மா அபசகுனமா பேசாதே."

"நீங்க பௌதிக வாத்தியார்ங்க!"

"அது பள்ளிக்கூடத்துல."

அம்மாளுக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "சரி, திரும்ப எடை பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாக்கக் கூடாதாம். பாத்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமாம்."

அம்மாள் கூடாரத்துக்குப் போய் ஓர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். பக்தர் தராசில் ஏறுவார். சுவாமி எதிரில் ஒரு மூங்கில் கோலை ஊன்றுவார். "கண்ணை மூடு. இரண்டு கையாலும் கோலைப் பிடி. உடம்பைத் தளர்த்தி அதன்மேல் சாய்ந்துகொள்" என்பார். முள் இறங்கும். கூட்டம் "ஆஹா!" என்று அலறும். அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. நேராகப் போட்டி அலுவலகத்துக்குப் போய் இன்னொரு தராசை இரவல் வாங்கி, அதன்மேல் தன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"சாமி, என் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கணும். ஆனா உங்க கோல் வெறுந்தரையில நிக்கறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு பீடம் கொண்டாந்திருக்கேன்."

பீடம் என்றதும் சுவாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இவளல்லவோ பக்தை!" என்று கோலைத் தூக்கிச் சால்வைமேல் ஊன்றினார்.

வாத்தியார் தராசில் ஏறினார். எண்பத்திரண்டு. முன்பே குறைந்த ஆறு கிலோ எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வாத்தியார் கண்ணை மூடினார், சாய்ந்தார். முள் எழுபத்தாறுக்கு இறங்கியது. "ஆஹா!" என்றது கூட்டம். அம்மாள் சால்வையை உருவினார். பீடத்தில் ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆறைச் சற்றே தாண்டி நின்றது.

"என்னங்க, கையை எடுங்க."

வாத்தியார் எடுத்தார். அங்கே எண்பத்திரண்டு. இங்கே கோலின் எடை மட்டும். அரைக் கிலோகூட இல்லை.

"இப்பப் பிடிங்க."

அங்கே இறங்கியது, இங்கே ஏறியது. மூன்று முறை பிடித்து மூன்று முறை விட்டதில் கூட்டத்துக்கே புரிந்துவிட்டது. வாத்தியாருக்கும் புரிந்தது, கொஞ்சம் தாமதமாக.

"அது... அது உன் கணவரின் பாவம் கோலில் இறங்குகிறது தாயே!" என்றார் சுவாமி.

"கையை எடுத்தா பாவம் உடனே திரும்பி வந்துடுதே சாமி? அதுக்கு வேற போக்கிடம் இல்லையா?"

கூட்டத்தில் யாரோ 'களுக்' என்று சிரித்தார். அவ்வளவுதான், மலையே சிரித்தது. வீரர்கள் வேனுக்குப் பாய்ந்து அவரவர் பாராசூட்டை மீட்டார்கள். ஒருவர் விடாமல் சுவாமியைத் தலையணையால் மொத்தினார்கள். சுவாமிகள் நாற்காலி இரண்டும் இடுப்போடு வர ஓட்டம் பிடித்தார். மந்திரத்தால் குறையாத எடை அன்றைய ஓட்டத்தில் நிச்சயம் குறைந்திருக்கும்.

பந்தயம் தொடங்கியது. வாத்தியார் நன்றாகத்தான் பறந்தார். பள்ளத்தாக்கின் மேலே முரட்டுக் காற்று ஒன்று அடித்தது. சிறகு ஒரு பக்கம் மடங்கிச் சுழன்றது. வாத்தியார் மடியில் கையை விட்டு அவசரப் பாராசூட்டை வீசினார். அது பட்டென்று விரிந்தது. ஆடி ஆடி இறங்கியவர் பெரிய மரம் ஒன்றில் மாட்டிக்கொண்டு தொங்கினார். பந்தயத்தில் கடைசி இடம். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அம்மாள் அழுதுகொண்டே ஓடினார். அவருக்கு முன்பே கூட்டம் அங்கே போயிருந்தது. ஒருவர் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உயிரைக் காப்பாத்தின மரம்!" என்றார் இன்னொருவர். நாலு பேர் இலை பறித்து மடித்து வைத்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைச் சுற்றவே தொடங்கிவிட்டார். மேலே வாத்தியார் தொங்கியபடி, "யாராவது இறக்கி விடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அம்மாளுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது.

"அவரைக் காப்பாத்தினது மரம் இல்லைய்யா, மேல தொங்குதே, அந்தத் துணி! சுத்தினது போதும், போய் ஏணி கொண்டாங்க. போற வழியில கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே போங்க, அதுக்குக் காணிக்கை கிடையாது!"