மேயப் போன மூணாவது மான்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது சொர்ணத்தாய்தான். போன ஆடி ரெண்டாம் வெள்ளி, மாரியம்மன் கோயில் கூழ் வரிசையில் எனக்கு முன்னால் தூக்குச்சட்டியோடு நின்றாள். அண்டாவிலிருந்து கூழை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த மனுஷனைக் கண்ணால் காட்டி, "அவியளுக்கு அம்மை போட்ட கதை தெரியுமாக்கா?" என்று காதோரம் ஆரம்பித்தாள். சிரித்துவிடாதீர்கள், கோயிலில் நிற்கிறோம் என்றும் சொன்னாள். முழுசாகக் கேட்டதும் நான் சிரித்துத்தான் விட்டேன். அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் முகத்திலும் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

அந்த மனுஷன் பேர் இசக்கியப்பன். சொர்ணத்தாய்க்கு ஒட்டுச்சுவர் வீட்டுக்காரர். பிளக்ஸ் கடையில் பதினொரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி யாருக்கும் கைகட்டி நிற்கமாட்டேன் என்று வீட்டு முன்னறையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தீப்பெட்டிக்கு லேபிள், கடலைமிட்டாய்க்குக் கவர், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, எது வந்தாலும் செய்து கொடுப்பார். இங்கன முதலாளியும் நான்தான், வேலையாளும் நான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அவர் சம்சாரம் தங்கமாரி ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாளாம்.

"அப்ப வேலையாளுக்கு லீவு வேணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

"முதலாளிகிட்ட."

"அந்த முதலாளி ஆளு எப்படி?"

இசக்கியப்பன் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் கெடுபிடியான ஆளுதான்" என்றார்.

ஆறு வருஷத்தில் அந்த முதலாளி அந்த வேலையாளுக்கு ஒரு நாள்கூட லீவு கொடுத்ததில்லை. கொடுக்க வழியும் இல்லை. 'முடியாது' என்கிற வார்த்தை அவர் வாயில் வராது. போனில் யார் என்ன கேட்டாலும், கேட்டு முடிக்கும் முன்னே "சரி அண்ணாச்சி, ஆச்சு அண்ணாச்சி" என்பார். பேசுவது பொம்பளை ஆளாக இருந்தாலும் அண்ணாச்சிதான். தூக்கத்தில் தட்டினாலும் அதுதான் வரும்.

அப்போது பங்குனி மாசம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டி முழுக்க வெந்துகொண்டிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இசக்கியப்பனுக்கு மட்டும் குளிர்ந்தது.

காய்ச்சல் என்று தெரிந்ததும் அவர் முதலில் செய்த காரியம், அதை மறைத்ததுதான். சோலைராஜ் அண்ணாச்சி என்று ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர், 'மூணு மான்' என்று புதுசாக ஒரு மார்க் போடுகிறார். லேபிள் வெள்ளிக்கிழமை வடக்கே போயாக வேண்டும். அதற்குள் பதினேழு தரம் திருத்தம் சொல்லியாயிற்று. ஒரு மானுக்குக் கொம்பு கூடிப்போச்சாம். இன்னொன்று பார்க்க ஆடு மாதிரி இருக்காம். கடைசியாக, நடு மான் கொஞ்சம் சிரித்தால் எடுப்பாக இருக்கும் என்றார். மேலுக்கு முடியலை என்று ஒரு சொல் வெளியே போனால் வேலை சிவகாசிக்குப் போய்விடும். போன வேலை திரும்பாது. அதைப் பார்த்து மற்ற ஆபீஸ்காரர்களும் போவார்கள். சொந்தத் தொழில்காரனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பது இசக்கியப்பன் எண்ணம். காய்ச்சல் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று தீர்மானம் செய்துகொண்டு லேப்டாப்பை மடியில் வைத்தார்.

காப்பி கொண்டுவந்த தங்கமாரி, கை பட்டதும் நின்றாள்.

"என்னங்க, மேலு இப்படிக் கொதிக்குது?"

"லேப்டாப் சூடுட்டி."

"லேப்டாப் மடியில இருக்கு. சூடு நெத்தியில இருக்கு."

"மேல ஏறும்லா."

அரைமணி நேரத்தில் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். டாக்டரம்மா ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், ஆனால் ஒரு வாரம் படுத்தே கிடக்க வேண்டும், வேலை என்று எதையும் தொடக்கூடாது என்றார்.

"சரி அண்ணாச்சி, ஆச்சு அண்ணாச்சி" என்றார் இசக்கியப்பன்.

டாக்டரம்மா தங்கமாரியைப் பார்த்தார். தங்கமாரி தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போர்வையைத் தலையோடு இழுத்து மூடிப் படுத்தார். தங்கமாரி கஞ்சி வைக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் போர்வைக்குள்ளே நீலமாக வெளிச்சம்.

அந்த நீல வெளிச்சத்துக்குள்ளே இசக்கியப்பன் சுகமாக மிதந்துகொண்டிருந்தார். மாத்திரையும் காய்ச்சலும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை எங்கேயோ தூக்கிக்கொண்டு போயிருந்தன. மஞ்சளும் சிவப்பும் லேபிளை விட்டு வழிந்து, போர்வையெல்லாம் பரவி, ஜன்னல் வழியாக வெளியே போயின. வெளியே தெரு இல்லை. கரிசல் காடு. பருத்தி வெடித்த பஞ்சு மேலே மேலே போய் மேகமாகிக்கொண்டிருந்தது. மூணு மானும் லேபிளிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கின. முதல் மான் வந்து, கொம்பைக் குறையும், கழுத்து வலிக்கு என்றது. குறைத்தார். ரெண்டாவது மான், தன்னை யாரோ ஆடு என்று சொன்னதாகக் கண் கலங்கியது. சமாதானம் சொன்னார். மூணாவதாக வந்ததுதான் சிரிக்க வேண்டிய நடு மான். அது அவர் முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தது. "நீரு முதல்ல சிரியும்" என்று சொல்லிவிட்டு, வெடிப்பில் மாட்டாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கம்மங்காட்டுப் பக்கம் போய்விட்டது.

அந்தச் சொக்கிலேயே லேபிளையும் அனுப்பிவிட்டார்.

மூணு மணிவாக்கில் போன் அடித்தது. தங்கமாரி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"ஏப்பா இசக்கி, மூணு மான்ல ரெண்டுதானப்பா நிக்கு. இன்னொண்ண எங்க?"

"மேயப் போயிருக்கு அண்ணாச்சி."

"மேயவா?"

"பொழுது அடைய வந்திரும் அண்ணாச்சி" என்று ஆறுதலும் சொன்னார்.

சோலைராஜ் அண்ணாச்சி, காலையில் நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். தங்கமாரி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மான் போனது போகட்டும், இப்போது மானமும் போகப்போகிறது. அண்ணாச்சி இந்தக் கோலத்தைப் பார்த்தால் கிறுக்கு என்று நினைத்து வேலையைப் பிடுங்கிக்கொள்வார். வேலை போனால் இந்த மனுஷன் நொந்தே போவார். வேலை போகாவிட்டாலோ, வெள்ளிக்கிழமைக்குள் அந்த மானைத் தேடியே உடம்பைக் கெடுத்துக்கொள்வார். சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய், வேப்பமரத்தில் ரெண்டு கொப்பை ஒடித்தாள்.

"தாயே, உன் பேரை நான் எடுக்கலை. உன் இலையத்தான் இரவல் வாங்குதேன். ஆடியில மூணு அண்டா கூழா திருப்பித் தந்திருதேன்" என்றாள்.

வாசல் நிலையில் ரெண்டு பக்கமும் கட்டினாள். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. அம்மா வந்து தங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். காலையில் பைக்கில் வந்த சோலைராஜ் அண்ணாச்சி நிலையைப் பார்த்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சத்தம் வந்துவிடக்கூடாது என்று பைக்கைத் தெருமுக்குவரை உருட்டிக்கொண்டே போனார்.

அங்கிருந்து தங்கமாரிக்குப் போன் போட்டார். மேயப் போயிருக்கு என்று நேற்றுச் சொன்னபோதே தனக்கு மேலெல்லாம் புல்லரித்ததாம். அது இசக்கி பேசின பேச்சே இல்லையாம். லேபிளுக்கு என்ன அவசரம், வடக்கே உள்ளவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், மூணு தண்ணி ஊற்றி முடியட்டும் என்றார். அம்மை இறங்கினதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, நாள் விட்டு நாள் மூணு தரம் தலைக்கு ஊற்றுவதைத்தான் மூணு தண்ணி என்போம். அம்மா இருக்கிற வீட்டில் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்குகிற பாவத்தை நான் செய்வேனா என்று அவராகவே கேட்டு, செய்யமாட்டேன் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் எல்லா ஆபீஸ்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் ஒரு போன் வரவில்லை.

இசக்கியப்பன் தூங்கினார். ஆறு வருஷத்துத் தூக்கம். காற்று வேப்பிலையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து அவர் நெற்றியையும் தடவிவிட்டுப் போனது. கம்மங்காட்டுக்குள்ளே மானைத் தேடிக்கொண்டு போனார். அது ஒரு நிழலில் காலை மடக்கிப் படுத்திருந்தது. எழுப்ப மனசு வராமல் இவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். நடுவில் ஒரு தரம் கண் விழித்து, போனே அடிக்கவில்லையே, நான் செத்துப்போய்விட்டேனா என்று தங்கமாரியிடம் கேட்டாராம். இன்னும் இல்லை, கஞ்சியைக் குடியுங்கள் என்றாளாம் அவள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. எழுந்து வாசலுக்கு வந்தவர் நிலையைப் பார்த்தார்.

"ஏட்டி, இங்கன யாருக்கு அம்மை?"

"நான் அம்மைன்னு யாருகிட்டங்க சொன்னேன்? காத்து நல்லா வரட்டும்னு கட்டுனேன்."

"இது பொய்யில்லையா?"

"வேப்பிலை என்னைக்குப் பொய் சொல்லியிருக்கு?"

கோபமாக அண்ணாச்சிக்குப் போன் போட்டார். எனக்கு நல்லாயிட்டு, மானும் வந்துட்டு, இப்பவே அனுப்புகிறேன் என்றார். அண்ணாச்சி பதறிவிட்டார்.

"மூணாந் தண்ணிக்கு முந்தி உன் கையால எதையும் அனுப்பிராத. நம்ம சாமானே தீ. அம்மா கோவிச்சுக்கிட்டா ஆபீஸ் தாங்குமாப்பா?"

சவரம் பண்ணலாம் என்று தெருவில் கால் வைத்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். திரும்பி வந்துவிட்டார். கறிக்குழம்பு கேட்டார். தாளிக்கவே கூடாது, இதில் கறி எங்கிருந்து வரும் என்றாள் தங்கமாரி. ரெண்டாம் நாளே விஷயம் தெரிந்துகொண்ட சொர்ணத்தாய், முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லாத மேலில் மூணு தண்ணியும் முறையாக விழுந்தது.

மறுநாள் சோலைராஜ் அண்ணாச்சி தேங்காய் பழத்தோடு வந்தார். லேபிளைப் பார்த்தார். மூணு மானும் நின்றன. நடு மான், நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தது. பதினெட்டாவது திருத்தம் இல்லை. இதுதாம்ப்பா மான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இசக்கியப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். இனிமேல் என் தொழிலில் யாரும் தலையிடக்கூடாது, லீவு கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளி இஷ்டம் என்றார்.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்" என்று தங்கமாரி தன் போனை எடுத்தாள். "நீங்க காய்ச்சல்ல கெடக்கும்போதே முதலாளிகிட்ட நேரடியாக் கேட்டு வாங்கிட்டேன். சொர்ணத்தாய்க்கா சாட்சி."

போனில் பதிவு செய்து வைத்திருந்ததில் முதலில் அவள் குரல் வந்தது. முதலாளி, உங்க வேலையாளுக்கு இனி வாராவாரம் ஞாயித்துக்கிழமை லீவு, போன்கூட எடுக்கமாட்டாவ, சரிதானா என்று கேட்டது. அடுத்து, போர்வைக்குள்ளேயிருந்து, சொக்கிப்போய், ரொம்ப மரியாதையாக இன்னொரு குரல்:

"சரி அண்ணாச்சி, ஆச்சு அண்ணாச்சி."

முதலாளியே சொன்ன பிறகு வேலையாள் என்ன செய்ய முடியும் என்று கதையை முடித்தாள் சொர்ணத்தாய். அதற்குள் அண்டாப் பக்கம் வந்துவிட்டோம். இசக்கியப்பன் அவள் சட்டி நிறையக் கூழை ஊற்றினார். தங்கமாரி நேர்ந்துகொண்ட மூணில் ரெண்டாவது அண்டா அது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது அந்தத் தெரு வழியாக வண்டியில் போனால், ஹாரன் மட்டும் அடிக்காமல் போங்கள்.