ஐந்து விரலும் பதிந்த ஓட்டு

“…எங்க வூட்டுக்காரரு கைதாங்க சார், சந்தேகமே வாணாம். மோதிர விரல்ல நுனி இல்ல பாருங்க, ஃபேன் பெல்ட்டு தின்னுட்ச்சி!”

ஓட்டு எண்ணுகிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு என் மனைவி சுமதி சொன்னது இது. அதிகாரியின் கையில் ஒரு வாக்குச்சீட்டு. அதன் முதுகில் கன்னங்கரேலென்று நாலு விரல் தடம், அதில் ஒன்று குட்டை. ரகசியமாகப் போட வேண்டிய ஓட்டை ஆதார் அட்டை மாதிரி ரேகை பதித்துப் போட்ட ஒரே மனிதன் இந்தப் பூமியில் நானாகத்தான் இருப்பேன். எப்படி அந்த நிலைக்கு வந்தேன் என்று கேட்டால், ஒப்புக்கொள்கிறேன்: கை கழுவத் தெரியும் என்ற கர்வத்தால் வந்தேன்.

நான் மெக்கானிக். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். டிராக்டர், பவர் டில்லர், லோடு வேன் எது வந்தாலும் பார்ப்பேன். வேலை எப்படி என்று வண்டிக்காரர்களைக் கேட்காதீர்கள். ஆனால் கை? “உன் கையப் பாத்தா வாத்தியாரு கை மாதிரி இருக்குதேப்பா” என்று நெல் அறுவடை வண்டிக்காரர் ஒருவர் சொன்னதை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வேலை தொடங்குமுன் சோப்புக்கட்டியைப் பத்து நகத்தாலும் பிராண்ட வேண்டும். நகத்துக்கு அடியில் சோப்பு போய் உட்கார்ந்துவிட்டால் கிரீஸுக்கு அங்கே இடமில்லை. பிறகு மணிக்கட்டு வரை தேங்காயெண்ணெய். வேலை முடிந்ததும் தண்ணீரைத் தொடக் கூடாது. மறுபடி எண்ணெய் விட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து, அதற்குமேல்தான் சோப்புத்தூளும் மரத்தூளும். பெட்ரோலில் கழுவுகிறவனைப் பார்த்தால் எனக்கு ஆகாது. தோல் வெடித்து, சாப்பாட்டில் கை வைத்தால் காரம் மூளைக்கு ஏறும். கையுறை போடலாமே என்பீர்கள். கையுறையோடு ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டியதால்தான் என் மோதிர விரல் இன்று குட்டை. (பெல்ட் முதலில் கையுறையைப் பிடித்தது. அப்புறம் என்னை.)

இப்படி ஊருக்கே கை கழுவப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளாட்சித் தேர்தல் வந்தது.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வடிய வாய்க்கால் கிடையாது, முழங்கால் அளவு நிற்கும். “நானே மெம்பராயி நானே வெட்டிக்கிறேன்” என்று சுமதி மனு போட்டாள். ஸ்பேனர் சின்னம் கிடைத்தது. மறுநாள் என் கூடப்பிறந்த அக்கா அஞ்சலையும் மனு போட்டாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடி. வேறு யாரும் போடவில்லை. யார் போடுவார்கள், ஊரே வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டறை இருப்பது அக்கா வீட்டு வாசலில். படுக்கை இருப்பது சுமதி வீட்டில். பகல் சோறு அங்கே, ராத்திரி சோறு இங்கே. “தம்பி, உன் ஓட்டு?” என்றாள் அக்கா. “உனக்குத்தான்க்கா.” “இன்னாங்க, உங்க ஓட்டு?” என்றாள் சுமதி. “இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்றேன். (கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வி கேட்பது கல்யாணம் கற்றுக்கொடுத்தது.)

ஓட்டு நாளன்று காலையில் மலையிலிருந்து போன் வந்தபோது சாமியே கூப்பிட்ட மாதிரி இருந்தது. வெள்ளிமலை போகிற பாதையில் லோடு வேன் ஒன்று படுத்துவிட்டது. டிரைவர் சடையன் மலைக்காரர், என் பழைய வாடிக்கை. “சாயங்காலம் வந்தா கூட பரவால்லங்க” என்றார். “இப்பவே வரேன்” என்றேன். சாயங்காலம் வரை மலையில் இழுத்தடித்துவிட்டால் ஓட்டும் இல்லை, வம்பும் இல்லை. அவசரத்தில் கிளம்பியதில் ஸ்பேனர் பையை எடுத்தேன், சோப்பு, எண்ணெய், வேஸ்ட் இருக்கிற டப்பாவை மறந்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். ஷாஃப்ட்டில் கிராஸ் ஜாயின்ட் நொறுங்கி, போல்ட்டெல்லாம் துரு. கழற்றக் கழற்ற கிரீஸும் துருவும் முழங்கை வரை வழிந்தது. சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, இருபது வருடத்தில் முதல்முறையாக வெறும் கையால் வேலை செய்தேன். மெதுவாகத்தான் செய்தேன். இருந்தும் மூன்று மணிக்குள் முடிந்து தொலைத்தது. (வேண்டாத நாளில் என் வேலை சுத்தமாக இருக்கும்.)

அந்த வளைவில்தான் செல்லுக்கு சிக்னல் கிடைக்கும் போல. மணி அடித்தது. சுமதி. “வரீங்களா, இல்லியா? நீங்க வரலன்னா உங்க ஓட்டு யாருக்குன்னு நான் தெரிஞ்சிக்கிறேன்.” வைத்ததும் அக்கா. “தம்பி, உன் ஓட்டு இல்லாம நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பாடா?” ஓட்டுப் போடாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் எதிரி. போட்டால் ஒருத்தருக்கு மட்டும். பாதிக்குப் பாதி லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

கை இந்தக் கோலத்தில் இருக்க, ஊருக்குள் போக மனம் வரவில்லை. வேனில் இருந்தது அத்தனையும் கடுக்காய் மூட்டை, கீழே வியாபாரிக்குப் போவது. பல்பொடியில் போடுகிறார்களே, பல்லையே வெளுக்கிற சரக்கு கையை வெளுக்காதா என்று என் மூளை வேலை செய்தது. நாலு கடுக்காயைக் கல்லில் தட்டினேன்.

“அது வாணாங்க” என்றார் சடையன். “பூந்திக்கொட்ட வூட்ல இருக்குது, சோப்பாட்டம் நொர வரும், அஞ்சு நிமிசம், எடுத்துக்கினு வரேன்.”

“எனக்குக் கை கழுவச் சொல்லித் தரியா?” என்றேன்.

“நான் சொல்லலீங்க” என்று அவர் ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார். தெரிந்தே ஒருவர் நம்மைப் பார்க்கிற பார்வை தனி. அன்றைக்கு அது புரியவில்லை.

ஓடைத் தண்ணீரில் கடுக்காய்த் தூளும் மணலும் போட்டுத் தேய்த்தேன். கிரீஸ் பெரும்பாலும் போனது. பைக்கில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். முதல் வளைவில் கை லேசாகப் பழுப்பாகத் தெரிந்தது. நாலாவது வளைவில் கத்தரிக்காய். கச்சிராயபாளையம் வந்தபோது நாவல்பழம். துருவும் கடுக்காயும் சேர்ந்தால் மை என்பது சடையனுக்குத் தெரிந்திருக்கிறது. அழியாத அசல் மை. நான் பத்து விரலுக்கும் பூசிக்கொண்டு ஓட்டுப் போட வந்துகொண்டிருந்தேன்.

பூத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். மை வைக்கிற டீச்சரம்மா, “இடது கையக் காட்டுங்க” என்றார். காட்டினேன். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மற்ற ஒன்பதையும் பார்த்தார்.

பெஞ்சிலிருந்து ஒரு குரல். அக்கா புருஷன், என் மாமா, அக்காவுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். “மேடம், இவரு மலையிலேர்ந்து வராரு. அங்க ஒண்ணு போட்டுட்டு இங்க வந்துக்கிறாரு. நான் அப்ஜெக்‌ஷன் சொல்றேன்.”

“மாமா, நான் உன் மச்சான்!”

“பூத்துல சொந்தம் கெடையாது.”

“பத்து விரல்லயும் மை இருக்குது. பத்து ஓட்டா போட்டுட்டு வரேன்?”

“நீ போடுவடா.”

(என் ஓட்டு அக்காவுக்குத்தான் என்று அக்கா நம்பினாள். மாமா நம்பவில்லை. மாமாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறதே.)

டீச்சரம்மா நியாயமானவர். “நீங்க எங்கயும் போடலன்னே வெச்சிக்கலாம். ஆனா நான் வைக்கிற மை தெரியணும் இல்லீங்களா? கறுப்பு மேல கறுப்ப வெச்சா எது என்னுதுன்னு யாரு பாக்கிறது? அஞ்சு மணிக்குள்ள அந்த ஒரு விரலையாவது வெளுத்துக்கினு வாங்க.”

அடுத்த நாற்பது நிமிடம் என் வாழ்க்கையில் மிக நீளமானது. பள்ளிக்கூடத்துக் கைப்பம்புக்கு ஓடினேன். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே நின்ற கூட்டம் மொத்தமும் கூடவே வந்தது. ஊருக்கெல்லாம் கை கழுவப் பாடம் எடுத்தவனுக்கு ஊரே பாடம் எடுத்தது.

“சாம்பல் போட்டுத் தேயிடா.” தேய்த்தேன்.

“பல்லு பேஸ்ட்டு, பேஸ்ட்டுதான் கரெக்டு.” பெட்டிக்கடையிலிருந்து வந்தது. கறுப்பில் நுரை வந்தது, அவ்வளவுதான்.

“சீமெண்ண கொண்டாங்க.” “யோவ், அது கிரீஸுக்கு. இது கிரீஸா?” “கோலமாவு?” “செங்கல்ல ஒரசு, தோலு போனா கறையும் போவும்.” இதைச் சொன்னவர் சிரிக்கவில்லை.

தேய்த்துத் தேய்த்து விரல் எரிந்தது. நடுவில் நடுவில் மாமா ஜன்னலில் தலையை நீட்டி, “மச்சான், இன்னும் இருவது நிமிசம்!” “மச்சான், பதினஞ்சு!” என்று ரயில்வே ஸ்டேஷன் மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு இந்தப் பக்கம் சுமதி, அந்தப் பக்கம் அக்கா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என் விரலையே பார்த்தார்கள்.

கடைசியில் சோடா வண்டிக்கார அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “கடுக்கா கறைக்குப் புளிப்பு வெச்சாதான் எறங்கும். இத்தினி பேரு இருக்கீங்க, ஒருத்தருக்கும் தெரியல” என்று எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து இடது ஆள்காட்டி விரலைப் பாதிப் பழத்துக்குள் செருகினார். கறுப்பு கரைந்து வழிந்தது. விரல் பிறந்த குழந்தை விரல் மாதிரி வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது.

வழிந்தது எங்கே போனது என்று யாரும் யோசிக்கவில்லை. பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் வலது கை விரல்களில்தான் போனது.

ஐந்துக்கு மூன்று நிமிடம். ஓடினேன். மை வைத்தார்கள். நாலு நிறத்தில் நாலு சீட்டு கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனேன். வார்டு மெம்பருக்கான வெள்ளைச் சீட்டில் ஸ்பேனரும் மூக்குக்கண்ணாடியும் மேலும் கீழுமாக என்னைப் பார்த்தன. முத்திரைக்கட்டையை எடுத்தேன். “மச்சான், டைம்!” என்றார் மாமா. கண்ணை மூடாமல்தான் குத்தினேன். சீட்டை வலது கையால், பெருவிரல் முன்னாலும் நாலு விரல் பின்னாலுமாக இறுக்கிப் பிடித்து மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

“யாருக்குத் தம்பி?” என்றாள் அக்கா. “உனக்குத்தான்க்கா.” பத்தடி தள்ளி, “யாருக்குங்க?” என்றாள் சுமதி. “உனக்குத்தான்.” ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது, இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

எண்ணுகிற நாளன்று என்னை உள்ளே விடவில்லை, வேட்பாளர்களும் ஏஜெண்டுகளும் மட்டும்தான். நான் வேலிக்கு வெளியே. உள்ளே நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைச் சொல்கிறேன்.

எண்ணி முடிந்தபோது அக்கா ஒரு ஓட்டு முன்னால். தனியாக எடுத்து வைத்த சந்தேகச் சீட்டு ஒன்று பாக்கி. அது சுமதிக்கு என்றால் சரிசமம், சீட்டுக் குலுக்கல். அதிகாரி அதன் முதுகைக் காட்டினார். “வேல செய்யிற கை, கறை படத்தான் செய்யும். படட்டும், செல்லும். ஆனா போட்டவரு இன்னாருன்னு அடையாளம் தெரிஞ்சிட்டா செல்லாது. அதான் சட்டம். இது யாரு கைன்னு இங்க யாருக்காச்சும் தெரியுதா?”

மாமா வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தாள். அந்தக் கையை அது பிறந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தெரியும். தன் தம்பி போட்ட ஓட்டு தனக்குத்தான் என்று நம்பி, அது செல்லாமல் போகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். சுமதியும் அப்படி நின்றிருந்தால் போதும். ஆனால் என் கையைக் கண்டால் அவளுக்கு வாய் நிற்காது. தன்னையறியாமல் சொல்லிவிட்டாள், குட்டை விரல் உட்பட.

அதிகாரி சிவப்பு மையில் ‘செல்லாது’ என்று எழுதினார்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு மொய் எழுதப் போனால், “உன் பேர எதுக்கு எழுதிக்கினு, கைய அமுத்திட்டுப் போ” என்கிறார்கள். பட்டறை அந்த வாரமே அக்கா வாசலிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நான் நகர்த்தவில்லை. ஒரு நாள் காலையில் போனபோது ஜாக்கி, வைஸ், டூல் பெட்டி எல்லாம் ரோட்டில் இருந்தன. மெம்பரான அக்கா எங்கள் தெருவுக்கு வாய்க்காலும் வெட்டினாள், என் வீட்டு வாசலை மட்டும் விட்டுவிட்டு. அதற்கு நடுவே ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. காரணம், அந்த மேசைக்கு முன்னால் சுமதி அடுத்ததாகச் செய்த காரியம்.

செல்லாது என்று எழுதியாயிற்று. சுமதி தோற்றுவிட்டாள், அதுவும் தன் வாயாலேயே. அழுவாள் என்று பார்த்தார்கள். மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்பாள் என்று அதிகாரி எழுதுகிற தாளைக்கூட எடுத்து வைத்தார்.

“சார், அந்தச் சீட்ட ஒரு தடவ முன்பக்கம் திருப்புங்க” என்றாள்.

திருப்பினார். என் பெருவிரல் தடத்துக்கு மேலே, ஸ்பேனரின் நட்டநடுவில், ஒரு மயிரிழைகூட விலகாமல் முத்திரை.

சுமதி அதை நன்றாகப் பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மாலை வாங்கி வரச் சொல்லி மாமாவை அனுப்பிக்கொண்டிருந்த என் அக்காவின் கையைப் பிடித்து, “அண்ணி, ஒரு நிமிசம் வாங்க” என்று அந்த மேசை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, ஸ்பேனர் தெரிகிற அந்தச் சீட்டுக்கு நேரே நிறுத்தினாள்.