யூரியாவில் காய்த்த தக்காளி

எழுபதுகளின் கடைசியில் தில்லி ஆர்.கே.புரத்தில் உரத்துக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. உரத்தின் மகிமையைப் பாமர மக்களுக்கு உணர்த்தும் பொருட்டு, அலுவலக வாசலிலேயே தக்காளி பயிரிட வேண்டுமென்று மேலிடம் தீர்மானித்தது. பொறுப்பு வத்சலாவின் தலையில் விழுந்தது. விவசாயம் படித்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்ச்சில் ஜாயின்ட் செக்ரட்டரி பார்வையிடும்போது செடியில் பழம் இருந்தால் அவளுக்கு வேலை இருக்கும் என்றார்கள்.

மண்ணைச் சோதித்துவிட்டு, டைரக்டர் அழகர்சாமியிடம் போனாள்.

“சார், ஒவ்வொரு விளைச்சலும் மண்ணிலேர்ந்து சத்தை எடுத்துண்டு போயிடறது. எது குறையறதோ அதைத் திருப்பிப் போடணும். இங்கே இலைக்கு வேண்டிய தழைச்சத்து வேண்டிய மட்டும் இருக்கு. பூவுக்கும் காய்க்கும் வேண்டிய மணிச்சத்தும் சாம்பல்சத்தும்தான் இல்லை.”

“கோடவுன்ல என்ன இருக்கு?”

“யூரியாதான். அது வெறும் தழைச்சத்து.”

“அப்ப யூரியா போடுங்க.”

“மண்ணுக்கு அது வேண்டாமே, சார்.”

“தனக்கு என்ன வேணும்னு மண்ணே முடிவு பண்ணிட்டா, நாம எதுக்கும்மா ஆபீஸ் வச்சிருக்கோம்?”

போட்டார்கள். செடி ஆளுயரம் எழும்பியது. கரும்பச்சையாய் ஒரே இலை. பேருக்கு ஒரு பூ இல்லை. “பூ பிடிக்கலையா? யூரியா பத்தலை” என்று அழகர்சாமி இன்னொரு மூட்டையை அனுமதித்தார். அந்தப் பச்சையைப் பார்த்துக் குவார்ட்டர்ஸ் மாமிகள் துளசிக்கும் யூரியா கேட்டு வந்தார்கள்.

பார்வையிடும் நாள் காலையில் வத்சலா சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்தாள். கிளைகளில் நூலால் கட்டினாள். படித்த படிப்பை நினைத்தபோது கண் கலங்கியது. நிரந்தரமாகாத வேலையை நினைத்து முடிச்சை இறுக்கினாள்.

ஜாயின்ட் செக்ரட்டரி மல்ஹோத்ரா வந்தார். குனிந்து ஓர் இலையை விலக்கினார். நூல் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அவர் தணிந்த குரலில் இந்தியில் சொன்னார்: “வெள்ளை நூல் தெரிகிறதே, அம்மா. நாங்களெல்லாம் பச்சை நூல்தான் கட்டுவோம்.”

பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “பஹுத் அச்சா. இந்த முறையை நாடெங்கும் பரப்ப வேண்டும்” என்றார்.

வத்சலாவின் வேலை நிரந்தரமாயிற்று. பல மாநிலங்களிலிருந்தும் உர அதிகாரிகள் அவளிடம் பயிற்சிக்கு வந்தார்கள். இது எப்படிக் காய்த்ததென்று யாராவது ஒருத்தர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் உறுதியோடு நின்றாள்.

அவர்கள் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, தக்காளி எந்தக் கடையில் மலிவு என்று மட்டும் கேட்டார்கள்.