எத்தினையண்ணையின் வயல் துண்டு

கண்டாவளையில் எத்தினையண்ணையிடம் நாக்கை நீட்டிக் காட்டாத மனிதர் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும் தப்பினார் என்பார்கள். அவரும் எத்தினையண்ணை இந்தப் பக்கம் குடிவருவதற்கு முன்பே செத்துப்போனவர்.

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அதை அவரே மறந்திருப்பார். எதிரே யார் வந்தாலும் சைக்கிளை மறித்து நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு காய்ச்சல் மாத்திரையைப் பற்றி அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"காய்ச்சலோ? எத்தினை குளிசை போட்டனீ?"

ஒருநாள் நான் வயலில் இருந்து வாடி வதங்கி வருகிறேன். பிடித்துக்கொண்டார்.

"காய்ச்சல் இல்லை அண்ணை, வெயில்."

"அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"இது பிறக்கேக்கையே இப்பிடித்தான் கிடந்தது அண்ணை. அப்ப ஒருத்தரும் குளிசை தரேல்லை."

சிரிக்க மாட்டார். "நாக்கை நீட்டு" என்பார். நீட்டினால்தான் வழி விடுவார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் கலியாணம். ஓமப் புகையில் மாப்பிள்ளைக்கு வேர்த்து ஒழுகுகிறது. தாலியைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து மனிதர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மணவறைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, வேர்க்குது. எத்தினை போட்டனீர்?"

நாதஸ்வரம் பாதியில் நின்றுபோனது. பெண்ணின் தகப்பன் துள்ளி எழுந்தார். "என்ன நோய் வருத்தம் மாப்பிள்ளைக்கு? ஏன் எங்களுக்கு மறைச்சனீங்கள்?" மாப்பிள்ளையின் தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு இறங்கிவிட்டாள். கடைசியில் ஐயர்தான், "அது புகைக்கு வேர்க்குது ஓய்! எனக்கும்தான் வேர்க்குது!" என்று கத்திக் கலியாணத்தைக் காப்பாற்றினார். எத்தினையண்ணை உடனே ஐயர் பக்கம் திரும்பினார். "நீங்கள் எத்தினை போட்டனீங்கள்?"

இந்தக் குணம் அவருக்கு வந்ததற்கு ஒரு கதை உண்டு. மாரி முடிந்தால் மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு வரும். டிஸ்பென்சரியில் குளிசையைக் கடதாசியில் சுற்றி, நாளுக்கு இவ்வளவு என்று சொல்லித் தருவார்கள். எங்கள் ஆட்களின் கணக்கு வேறு. நெல் அறுக்கிற அரிவி வெட்டு காத்திருக்குமா? எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுங்கினால் காய்ச்சலும் ஒரேயடியாகப் போய்விடும் அல்லவா?

எத்தினையண்ணையின் தம்பி படம் கீறுகிறவன். நாடகத்துக்குச் சீன் கட்ட வேண்டுமென்றால் சுற்றுவட்டாரம் முழுக்க அவனைத்தான் கூப்பிடும். அவன் கீறிய ஆற்றில் தண்ணீர் குடிக்க ஒரு மாடு மேடைக்கு ஏறியது என்பார்கள். ஒரு கோயில் திருவிழா அன்று அவனுக்குக் காய்ச்சல். பின்னேரம் நாடகம். கடதாசியில் இருந்ததை முழுக்க ஒரேயடியாக விழுங்கிவிட்டான். அவன் கீறிய அரண்மனைக்கு முன்னால் அன்றைக்கு நாடகம் நடக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தினையண்ணை, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற தன் வயலில் வாய்க்கால் ஓரமாக இருந்த நல்ல துண்டைச் செத்துப்போன தம்பியின் பெயரில் ஒதுக்கினார். அதில் விளைகிறதெல்லாம் வருசத்துக்கு ஒரு பிள்ளைக்கு. அதுவும் ஆட்டமோ பாட்டோ படமோ படிக்கப் போகிற பிள்ளைக்கு மட்டும்.

"டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்குக் குடுக்கலாமே அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கு ஊரே குடுக்கும். கீறுறவனுக்கு ஆர் குடுப்பினம்?"

ஒரேயொரு நிபந்தனை. விளைச்சல் வேண்டுகிற பிள்ளை பள்ளிக்கூட மண்டபத்தில் ஊருக்கு முன்னால் தன் கலையைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தவன் வீட்டுக்குப் போய்க் குளிசையை அளவோடு போட வேண்டும்.

அதனால் எங்கள் ஊர்க் கலை பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருசம் ஒரு பொடியன் வண்டிச் சில்லுப் பருமனில் வெள்ளையாய் ஒரு குளிசை கீறினான். வந்த சனமெல்லாம், "நல்ல தோசை, சம்பலையும் கீறியிருக்கலாம்" என்றது. அடுத்த வருசம் ராசா நாடகம். போர்க்களத்தில் விழுந்து கிடந்த ராசாவிடம் ராணி ஓடிவந்து, "நாதா! எத்தனை குளிசை போட்டீர்கள்?" என்றாள். "முழுவதையும், தேவி!" என்று ராசா தலையைச் சாய்க்க, தாடி கழன்று ராணியின் மடியில் விழுந்தது. அதற்கடுத்த வருசம் ஒரு பிள்ளை பரதம் ஆடினாள். குளிசையை விரலால் பிடித்துக் காட்டினாள். எங்களுக்கு அது மான் மாதிரித் தெரிந்தது. அவள் ஒன்றன்பின் ஒன்றாக மானை விழுங்கி மயங்கி விழுந்தபோது, "மான் இறைச்சி ஒத்துக்கொள்ளேல்லைப் போல" என்று நான்தான் சொன்னேன். பக்கத்திலிருந்தவள் சிரித்துக் கதிரையோடு சரிந்தாள்.

என் சிரிப்பு அடுத்த வருசமே அடங்கியது. என் மகள் வசந்திக்கு மிருதங்கம் படிக்க யாழ்ப்பாணம் போக வேண்டும். கோயிலில் வாசிக்கிறவர், தனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று என்று கையை விரித்துவிட்டார். போகாவிட்டால் மச்சான் முறையில் ஒருவன் கலியாணத்துக்குத் தயாராக நின்றான். அந்த வயல் துண்டு இல்லாமல் அவளை அனுப்ப எங்களுக்கு வழியில்லை.

எத்தினையண்ணை வீட்டுக்கு வந்து மிருதங்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னெண்டு குளிசையைப் பற்றிக் கதைக்கும்?"

"தோல் வாத்தியம்தானே அண்ணை. சொறி சிரங்கைப் பற்றிக் கதைக்கும்" என்றேன்.

"பகிடியை விடு. பிள்ளை, வாயாலை பாடுவியோ?"

"ஐயோ வேண்டாம்! இவள் பாடினா மாடு பால் சுரக்காது" என்றேன்.

வசந்தி மட்டும், "நான் பாத்துக்கொள்ளுறன் மாமா" என்றாள்.

மண்டபம் நிறைந்த கூட்டம். வசந்தி மேடையில் உட்கார்ந்தாள். ஓர் அடி அடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எவ்வளவோ நேரம் கழித்து இன்னொரு அடி. மறுபடியும் சும்மா. முன்வரிசையில் இருந்து, "அடியடி!" என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"என்ன, தோல் கிழிஞ்சு போச்சோ?" என்றான் ஒருவன்.

"கெதியா அடி பிள்ளை! எனக்கு உழவு கிடக்கு!" என்று பின்னாலிருந்து டிராக்டர்க்காரன் கத்தினான்.

பிறகு எல்லோரும் கத்தினோம். கெதியா, கெதியா!

அடித்தாள் பாருங்கள்! ஐப்பசி மழை தகரக் கூரையில் விழுவது போல. சனம் எழும்பி நின்று கைதட்டியது. "அப்பிடிப் போடு! இன்னும் போடு!" என்று டிராக்டர்க்காரன் கதிரையில் ஏறிவிட்டான். அந்தக் கொட்டுதலின் நடுவில், முடித்துவைக்கிற தீர்மானச் சொற்கட்டும் இல்லாமல், சட்டென்று நின்றது. வசந்தி மிருதங்கத்தைப் படுக்க வைத்து, ஒரு வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, இறங்கிப் போய்விட்டாள்.

தட்டிய கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. டிராக்டர்க்காரன் மெதுவாகக் கதிரையை விட்டு இறங்கினான்.

எத்தினையண்ணை எழுந்தார். செருமிக்கொண்டார்.

"பிள்ளை நேரத்துக்கு ஒண்டாத்தான் போட்டது. கெதியா எண்டு நீங்கள்தான் கத்தினனீங்கள்" என்றார். "அண்டைக்கு என்ரை தம்பியைக் கெதியா எழும்படா, நாடகம் கிடக்கு எண்டு கத்தினது நான்."

அதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. "இந்த முறை விளையிறது வசந்திக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதுகில் கையை வைத்தார்.

அந்த வருசம் நெல் நன்றாக விளைந்தது. வசந்தி யாழ்ப்பாணம் புறப்பட்ட காலையில், மிருதங்கத்தைச் சாக்கில் சுற்றித் தன் தோளில் தூக்கிக்கொண்டு எத்தினையண்ணைதான் பஸ்ஸடிக்கு வந்தார். எனக்குத் தரவில்லை. "உனக்குத் தந்தா நீ பகிடி சொல்லிக் கீழை போட்டிடுவாய்" என்றார். பஸ் புறப்பட, யன்னலால் வசந்தி கையை வெளியே நீட்டிக் காட்டினாள். அவரும் காட்டினார்.

புழுதி அடங்கியது. அவர் இன்னும் காட்டிக்கொண்டு நின்றார்.

"பஸ் போயிட்டுது அண்ணை."

"தெரியும். நீ போ."

வீட்டில் மாடு கறக்காமல் கத்திக்கொண்டு நின்றிருக்கும். கத்தட்டும் என்று நானும் அவரோடு நின்றேன்.