கால் எட்டாத வண்டியும் பிலோமினாவும்

தரையில் கால் எட்டாத வண்டியை மூன்று வருஷம் ஓட்டிய மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் மரக்காணத்துக்காரர். நான் ஈசிஆர் ஓரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன். அந்த வண்டிக்கான கம்பி, லைட்டு, பெட்டி, சீட்டு என்று சகலத்தையும் வரவழைத்துக் கொடுத்தவன் நான்தான் என்பதால் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு அவர் லடாக். அந்தப் பேர் விழுந்தபோது வண்டியில் புதுச்சேரியைத் தாண்டிப் போனதில்லை, ஆனாலும் லடாக்.

குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறவர். ஒரு நாள் அவர் மனைவி பிலோமினா, போனில் ஏதோ லடாக் மலைரோட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, "இன்னாயா இது, இவ்ளோ வெள்ளையா கொட்டிக் கெடக்குது, வார்றதுக்கு ஆளே இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். அது பனி என்று இவர் விளக்க, "ஒரு தரம் பாக்கணும்யா" என்று சொல்லிவிட்டு அந்தம்மா மீன் கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் இவர் புதுச்சேரிக்குப் போய், செகண்ட் ஹேண்டில் நானூற்றைம்பது சிசி அட்வென்ச்சர் பைக்கோடு வந்து நின்றார்.

"ஏன்யா, ரயிலு இல்லியா, பஸ்ஸு இல்லியா?" என்றேன்.

"பஸ்ல போனா டிரைவர் காட்டுன மாதிரி ஆவும். நான் காட்டணும்."

எல்லாம் சரி. வண்டி ஒட்டக உயரம், மனுஷன் சராசரிக்கும் கீழே. ஏறுவதற்கு வரப்பு வேண்டும், இறங்குவதற்குப் பாலத்துக் கட்டை வேண்டும். மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் மேடு இருக்கிறது என்பது ஹைவே இன்ஜினியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். டீக்கடைக்கு வந்தால் இறங்கமாட்டார். கடைத் திண்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வண்டி மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார்.

சிக்னல்தான் வில்லங்கம். ஒருமுறை புதுச்சேரி சிக்னலில் சிவப்பு விழுந்ததும் பக்கத்து ஆட்டோக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"யோவ், இன்னாயா மேல கை போடுற? சொந்தக்காரனா?"

"கோச்சுக்காத தலைவா. பச்சை வுழுந்ததும் வுட்டுடறேன்."

வண்டியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், தொலைந்தார்கள். "எண்பதுல போனா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்குது. நூறைத் தாண்டுனா கண்ணாடி மட்டும் கொஞ்சம் நடுங்குது. வெயில்ல இன்ஜின் சூடு முட்டியில அடிக்குது, அதை மறைக்கமாட்டேன். பின் சீட்டு மட்டும் சுத்தக் கட்டாந்தரை" என்று டீ ஆறும்வரை போகும். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் முகம் சிவந்துவிடும். "கல்யாண வூட்ல போயி, மாப்ள எவ்ளோ சோறு துன்னுவான்னா கேப்ப?"

வாங்கிய மறுநாளே பிலோமினாவை ஏற்றப் பார்த்தார். வரப்பை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஒரு காலை வரப்பில் ஊன்றி, "ஏறு" என்றிருக்கிறார். அந்தம்மா ஏறிய வேகத்தில் வண்டி மறுபக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் ஊன்றத் தரையில்லை. வண்டி, புருஷன், பெண்டாட்டி மூன்றும் உப்புப் பாத்திக்குள் விழுந்தன. அந்தம்மாவுக்கோ உப்பளத்தில் நடந்து நடந்து வெடித்த கால். அதில் சிராய்ப்பும் சேர்ந்து உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும்? எழுந்து நின்று பிலோமினா ஒரே முடிவாகச் சொன்னார்.

"உன் ரெண்டு காலும் தரையில எட்டட்டும், அப்ப கூப்டு. காஷ்மீருக்கே வர்றேன்."

அதன்பிறகு லடாக்குக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான், பிலோமினா ஏறவேண்டும். ஆனால் அந்தம்மா கேட்ட ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். முதலில் பஞ்சு வைத்த சீட்டு. பிறகு அகலமான ஃபுட்ரெஸ்ட். ஓடும்போது பேசிக்கொண்டே போகலாம் என்று மைக் வைத்த ஹெல்மெட் இரண்டு. "பேசறதுக்கு எதுக்கு வண்டி? வூட்ல பேசுனாலே காது கேக்காதே இவருக்கு" என்றார் பிலோமினா. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி வந்தது. பின்னால் ஒரு பெட்டி, அதில் சாய்ந்துகொள்ள மெத்தை. கடைசியில் பார்த்தால் காலைத் தூக்கிப் போடவே வழியில்லை.

"சுத்தி செவுரு எழுப்பிட்டு உள்ள குந்துன்னா எப்படிய்யா குந்தறது?" என்று என் கடை வாசலில் வைத்தே கேட்டுவிட்டார். நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினேன்.

என் கடைக்குப் பக்கத்து ஷெட் மெக்கானிக் காதர் பாயுடையது. கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பல வருஷம் வண்டி வேலை பார்த்தவர். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பின்னாடி லிங்கை மாத்தி வண்டியை எறக்கி, சீட்டுப் பஞ்சைக் கொஞ்சம் செதுக்கிட்டா ரெண்டு காலும் ஜோரா ஊனலாம்."

லடாக் பதறிப்போனார். "கிளியரன்ஸ் போயிடும் பாய்! அங்க ஆத்துக்குள்ள பூந்து போவணும், அடியில கல்லு இடிக்கும். எறக்கிட்டா அது அட்வென்ச்சர் வண்டியா? மொபெட்டு!"

"யா அல்லா! தங்கச்சி இல்லாம தனியா போயி கல்லு கூடவா பேசப்போற?"

கேட்கவில்லை. எந்த வீடியோவிலோ, அட்வென்ச்சர் வண்டியின் மானமே அடிவயிற்றின் உயரத்தில்தான் என்று எவனோ சொல்லியிருக்கிறான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் இன்னொரு கூத்து நடந்தது. உப்பளத்தில் சீசன் முடிந்ததும் பம்ப் இன்ஜின் துருப்பிடிக்காமல் இருக்க, கழிவு ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டு உச்சி முதல் பாதம் வரை பூசித் தார்ப்பாயில் மூடிவைப்பார்கள். உப்புக்காத்து எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. அதே மரியாதையை மனுஷன் இந்த வண்டிக்கும் செய்திருக்கிறார். மறுநாள் காலையில் ஈசிஆரில், "பிரேக் புடிக்கலபா!" என்ற கூவலோடு என் கடையைத் தாண்டிப் போனார். சவுக்குத்தோப்பு மணலில் புதைந்துதான் வண்டி நின்றது. நடந்து திரும்பி வந்தவரிடம் என்ன ஆச்சு என்றேன்.

"பிரேக் டிஸ்க்குக்கும் சேத்துத் தடவிட்டேன். ஏன், அது மட்டும் இரும்பு இல்லியா?"

இத்தனைக்கும் நடுவில் பெரிய சிக்கல் வேறு ஒன்று. கோடையில்தான் எங்களுக்கு உப்பு விளையும், அங்கே லடாக் ரோடு திறப்பதும் அப்போதுதான். இங்கே மழை வந்து உப்பளம் மூடும்போது அங்கே பனி வந்து ரோட்டை மூடிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் பாத்தியில் இறங்கி நிற்கிறவர்கள். விளைகிற உப்பை விட்டுவிட்டு யார் போவது? மூன்று வருஷமும் இப்படியே போனது. போவார் என்ற நம்பிக்கை ஊரில் ஒருத்தருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இந்த வருஷம் மே மாதக் கடைசியில், உப்பு வாரும் நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. பாத்தியில் பூத்திருந்த உப்பெல்லாம் கரைந்தது. விடிந்ததும் டீக்கடையில் உப்பளக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது? லடாக் வண்டியைத் தள்ளிக்கொண்டு காதர் பாய் ஷெட்டுக்கு வந்தார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த மனுஷன் வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"பாய், எறக்கிடு."

"எவ்ளோ எறக்கட்டும்?"

"பிலோமினா ஏர்ற அளவுக்கு."

பாய் அப்போதே ஸ்பேனரை எடுத்தார். லிங்க் மாறியது, சீட்டு செதுக்கப்பட்டது. பெட்டிகளைக் கழற்றி இரண்டு துணிப் பைகளைக் கட்டினோம். சாயங்காலம் பிலோமினா வந்தார். அழுது வீங்கிய முகம், அதற்கு மேல் கோபம்.

"உப்பே கரைஞ்சி போச்சு, ஊர் சுத்தற நேரமாய்யா இது?"

"மறுபடி தண்ணி ஏறி உப்பு பூக்க நாள் ஆவும், என் தம்பி பாத்துப்பான். உப்பு இருந்தா நாம எங்க போவோம், பிலோமினா? பாத்திக்குள்ளயே கெடப்போம். போயிட்டு வந்து வாரலாம், வா."

சொல்லிவிட்டு வரப்பும் கட்டையும் இல்லாத சமதரையில், நடு வாசலில், வண்டி மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினார். அந்தம்மா அவர் காலையே பார்த்தார். செருப்பின் குதிகூடத் தரையில் இருந்தது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதர் பாயின் தோளைப் பிடித்து ஏறினார். வண்டி ஆடவில்லை.

"மாஷா அல்லா" என்றார் பாய். நான் துணிப் பைகளின் கட்டை இன்னொரு தரம் இறுக்கினேன்.

மறுவாரம் கிளம்பினார்கள். நேற்று மத்தியானம் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. பிலோமினா குனிந்து ஒரு கை அள்ளி, கொஞ்சமும் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "அண்ணே, உப்பே இல்ல!" என்று கத்தினார். பக்கத்தில் லடாக் பனியைப் பார்க்காமல் அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று. பத்திரமா வந்து சேருய்யா, மகராசனே. நீ இல்லாமல் கடையில் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை.